சிம்னி குனிஞ்ச ஞாயித்துக்கெழம

நைனா,

லெட்டரப் பாத்துட்டு யாருக்கோ இன்னாமோ ஆயிடுச்சின்னு மெர்சலாவாத. அல்லாரும் நல்லாத்தான் கீறோம். ஒரே வூட்ல, ஒரே ஃபேனுக்கு அடியில தூங்கிகினு, ஒரே குண்டான் சோத்த துன்னுகினு எதுக்கும்மா லெட்டருன்னு கேப்ப. வாயால சொல்லலாம்னுதான் மூணு நாளா ட்ரை பண்ணேன். திங்கக்கெழம உனக்குப் புடிச்ச மீன வறுத்து முன்னால வச்சி வாயத் தொறந்தேன். ஈரத்துண்ட கட்டில்ல போட்டதுக்கு உன்ன திட்டினதுதான் மிச்சம். செவ்வாக்கெழம வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாம்னு செல்ல புடிச்சேன். நாலு நிமிசம் பேசிட்டு திருப்பிப் போட்டுக் கேட்டா அதுலயும் மூணு நிமிசம் உன்ன வாங்கு வாங்குன்னு வாங்கிகினு கீறேன். புதங்கெழம ஒன்னியும் பேசாம உன் முன்னால குந்தினேன். நீ "இன்னாம்மா ஒடம்பு சரியில்லியா"ன்னு மாத்திரைய எடுத்துக் குடுத்த. அதயும் முழுங்கித் தொலச்சேன். கன்டெய்னர் யார்டு கேட்டாண்ட நின்னு ட்ரெய்லர் டிரைவருங்களாண்ட கத்திக் கத்தி, எனக்கு மெதுவா பேசற வாயே இல்லாம போச்சி நைனா. அத்தொட்டுதான் கன்டெய்னர் நம்பர் எழுதற நோட்ல, அதே பேனாவால எழுதறேன்.

இன்னொன்னு. இத நீ தனியா படிக்காத. சத்தமா படி. உங்கப்பாவுக்கும் படிச்சிக் காட்டு. தெருவுல எவன் கேட்டாலும் குடு. நான் பொய்ய தெருவுல நின்னு சொன்னவ. நெசத்த மட்டும் உன் காதாண்ட வந்து குசுகுசுன்னு சொன்னா அது ஞாயமில்ல.

போன ஞாயித்துக்கெழம சோறு துன்றப்ப நீ சொன்னியே, அந்த வெளிநாட்டு பொம்மப்பட கம்பெனிக்காரன் ரெண்டு வருசத்துக்கு வேலைக்குக் கூப்பிட்டிருக்கான்னு. நீ ரூம்ல குந்திகினு செஞ்ச நாலு நிமிசப் படத்தப் பாத்துட்டு, இது மாதிரி ஆளுதான் எங்களுக்கு வோணும்னு எழுதியிருக்கான்னு. வர்ற திங்கக்கெழமக்குள்ள பதில் சொல்லணும்னு. அம்மாடின்னு எனக்கு நெஞ்சி நெறஞ்சி வரச்சொல்ல, நீயே அடுத்த வாயில, "வேணாம்னு எழுதிடப் போறேம்மா. நான் அங்கெல்லாம் தனியா இருக்க மாட்டேன். உனக்குத்தான் தெரியுமே, நான் சின்ன வயசுலேந்தே பயந்தாங்கொள்ளி"ன்னு சொல்லிட்டு, சிரிச்சிகினே ரசத்த ஊத்திகின. உங்கப்பா தட்டுலேந்து தலையத் தூக்கி என்னயே பாத்தாரு. நான் அப்பளத்த நொறுக்கிகினு இருந்தேன். நெசத்த சொல்றேன், ரெண்டு வாய் சோறு உள்ள போற வரிக்கும் எனக்கு சந்தோசமா இருந்துச்சி. புள்ள நம்மள வுட்டுப் போவ மாட்டான்னு. மூணாவது வாய் எறங்கல.

மறுநாள் காலைல உங்கப்பா டிபன் பாக்ஸ மூடிகினே, "நீ சொல்றியா, நான் சொல்லட்டா"ன்னாரு. அவ்ளோதான். கல்யாணம் ஆனதுலேந்து அந்த மனுசன் என்ன மெரட்டினது அது ஒரு வாட்டிதான். அதயும் ட்ரெய்னுக்கு நேரமாய்ட்ச்சின்னு ஓடிகினே மெரட்டினாரு.

அத்தொட்டு கேட்டுக்கோ. உனக்கு அஞ்சி வயசு முடிஞ்ச பொறந்த நாளு அன்னிக்கு பொம்மப் படத்தப் பாத்து பயந்தது நீ இல்ல. நானு.

அப்ப நாம எண்ணூர்ல குடியிருந்தோம். ஜன்னலத் தொறந்தா முகத்துவாரத்துக்கு அந்தாண்ட அத்திப்பட்டு பவர் ஹவுஸ் சிம்னிங்க வரிசையா நிக்கிறது தெரியும். அதுல ஒன்னுக்குக் கீழதான் உங்கப்பாவுக்கு ஃபிட்டர் வேல. உனக்குத் தடுப்பூசி போடப் போன எடத்துல ஒரு டாக்டரம்மா, "பாட்டு இல்லாத மியூசிக்கு, வயலின் மாதிரி, அத கேக்க வைங்கம்மா, புள்ளைக்கு மூள நல்லா வளரும்"னு சொல்லிட்ச்சி. நம்ம வூட்ல மூள வளர்றதுக்கு ஒரு வழி கீதுன்னா வுடுவேனா நானு? நேரா சிடி கடைக்குப் போயி, "மூள வளர்ற மியூசிக்கு குடுப்பா, கூடவே பொம்மையும் இருக்கணும், இல்லாட்டி புள்ள குந்த மாட்டான்"னு கேட்டேன். அந்த ஆளு தேடித் தேடி ஒரு சிடிய எடுத்தான். அட்டையில மஞ்ச வாத்து ஒன்னு சிரிச்சிகினு இருந்துச்சி. "ஃபாரின் படம்க்கா. பேச்சே கெடையாது, ஃபுல்லா மியூசிக்குதான். புள்ளைங்களுக்கு சோக்கா இருக்கும்"னான். அவன் ஜென்மத்துல அத போட்டுப் பாத்திருக்க மாட்டான்னு இப்பத் தெரியுது. அன்னிக்கு எனக்கு வாத்துதான் கண்ணுல தெரிஞ்சுச்சி.

அந்தப் பொறந்த நாளு ஞாயித்துக்கெழம வந்துச்சி. தெருப் புள்ளைங்க பதினோரு பேர கூப்ட்டு, கேசரி கிண்டி, பாய் விரிச்சி குந்த வச்சேன். உங்கப்பாவோட தோஸ்து ஒருத்தன் சவுண்டு சர்வீஸ் வச்சிருந்தான். ஆடி மாசம் கூழ் ஊத்தறப்ப அம்மன் பாட்டு போடுவானே, ஆள் ஒசரத்துக்கு ரெண்டு பாக்ஸ், அது அவனுதுதான். மூளதான வளரப் போவுது, தெரு மொத்தத்துக்கும் வளரட்டுமேன்னு நான்தான் அந்த ரெண்டு பாக்ஸையும் கொண்டாந்து டிவில மாட்டச் சொன்னேன். உங்கப்பா, "சின்ன ரூமுடி, செவுரு தாங்காது"ன்னாரு. "கம்முனு கெட"ன்னேன். நான் செஞ்ச தப்புலயே பெரிய தப்பு எதுன்னு யாராவது கேட்டா, அந்த பாக்ஸ்தான்னு சொல்லுவேன்.

மொதல்ல நல்லாத்தான் போச்சி. ஒரு கொளம். வாத்தும் குட்டிங்களும் நீந்துதுங்க. வயலின் சும்மா வெண்ண மாதிரி வழியுது. நான் வாசப்படியாண்ட நின்னுகினு இருந்த பக்கத்து வூட்டு ஃபிலோமினா அக்காவாண்ட, "பாத்தியா, எப்டி மூள வளருது"ன்னு உதார் வுட்டுகினு இருந்தேன். அப்பதான் அந்தக் கொளம் இமைய மூடிச்சி. அது கொளம் இல்ல நைனா, கண்ணு. இன்னாடா இதுன்னு பாக்கறதுக்குள்ள ஒரு வூட்டக் காட்டறான். செவுத்துல வரிசையா கோட்டு மாட்டி கீது. ஒவ்வொரு கோட்டும் தானா ஆணிலேந்து எறங்கி, உள்ள ஆளே இல்லாம, ஜோடி ஜோடியா கையப் புடிச்சிகினு ஆடுது. கழுத்து இருக்க வேண்டிய எடத்துல ஓட்ட. அந்த ஓட்ட அல்லாம் நம்ம பக்கம் திரும்பிப் பாக்குது. வயலின் இன்னும் அதே வெண்ணதான்.

அப்பால சிம்னி வந்துச்சி. ஊரு தூங்குது. தூரத்துல நாலு சிம்னி. மியூசிக்கு சத்தம் கொறஞ்சி கொறஞ்சி, கொசு பறக்கற மாதிரி ஆயிடுச்சி. அதுல ஒரு சிம்னி மட்டும் மெதுவா குனியுது. குனிஞ்சி, ஜன்னல் ஜன்னலா மோந்து பாக்குது. ஒரு ஜன்னல்ல நின்னுச்சி. உள்ள தூங்கற ஆளு ஒருத்தன, டீய உறியற மாதிரி, சர்ருன்னு உறிஞ்சிட்ச்சி. நிமிந்துச்சி. பொக வுட்டுச்சி. அந்தப் பொகையில அந்த ஆளோட மூஞ்சி. சிரிச்சிகினு. கரெக்டா அந்த எடத்துல நூறு பேர் ஒன்னா மோளம் அடிச்சா எப்டி இருக்கும், அந்த மாதிரி ஒரு இடி. கூழ் ஊத்தற பாக்ஸு. சின்ன ரூமு. மேல அடுக்கி வச்ச எவர்சில்வர் தட்டு அல்லாம் கீழ வந்துச்சி.

நான் ஓடிட்டேன் நைனா.

பெத்த புள்ளையத் தூக்கல. கையப் புடிச்சி இஸ்கல. "ஐயோ"ன்னு கத்திகினு, வாசல்ல இருந்த ஃபிலோமினா அக்கா கால மிதிச்சிகினு ஓடினேன். உங்கப்பா வெளிய ஒயரப் புடிச்சிகினு நின்னவரு, எனக்கு வழிவுட்டு ஒதுங்கி நின்னாரு பாரு, அத நான் மறக்கவே மாட்டேன். ஒரு செருப்பு வாசல்ல, ஒரு செருப்பு காவாயாண்ட. தெருக்கோடி தண்ணி டேங்காண்டதான் நின்னேன். திரும்பிப் பாத்தா பதினோரு புள்ளைங்களும் என் பின்னால ஓடி வந்துகினு கீதுங்க. அதுங்க படத்துக்கு பயப்படல. நான் கத்தினதுக்கு பயந்துகினு வந்துதுங்க. தெருப் பொம்பளைங்க அல்லாம் கொடத்த வச்சிட்டு, "இன்னாச்சி, இன்னாச்சி"ன்னு சூழ்ந்துகிச்சிங்க. நானு அந்தத் தெருவுல எப்டிப்பட்டவ? தண்ணி லாரிக்காரன காலரப் புடிச்சி கேள்வி கேட்டவ. பொம்மப் படத்தப் பாத்து ஓடியாந்தேன்னு எந்த வாயால சொல்லுவேன்? வாயில வந்தது, "புள்ள பயந்துட்டான்கா, என் புள்ள பயந்துட்டான்." சொல்லி முடிச்சப்பதான், அந்தப் புள்ள என்னாண்ட இல்லியேன்னு எனக்கே தெரிஞ்சுது.

வூட்டுக்கு வந்து பாத்தா நீ பாயில தனியா குந்திகினு கீற. உங்கப்பா டிவிய நிறுத்தியிருந்தாரு. நீ கேசரிய துன்னுகினே, "அந்த சிம்னி எங்கம்மா போச்சி? இன்னொரு வாட்டி போடும்மா"ன்ன. அதுக்குள்ள தெரு மொத்தமும் என் பின்னாலயே உள்ள நொழஞ்சிட்ச்சி. நான் உன் வாயப் பொத்தி மாரோட அணைச்சிகினு, "பாருங்க, பயத்துல புள்ளைக்கு பேச்சே வரல"ன்னேன். எங்க வரும், நான்தான் பொத்திகினு கீறேனே.

அதோட வுட்டிருந்தா பரவால்ல. ஒரு பீலா வுட்டா அத காப்பாத்தறதுக்கு ஒம்போது பீலா வுடணும்டா. மறுநாள் உன்ன இட்டுகினு ராயபுரம் தர்காவுக்குப் போனேன், பயந்த புள்ளைக்கு கயிறு மந்திரிக்கணும்னு. அங்க வயசான ஒருத்தரு உன்ன மடில குந்த வச்சி, "இன்னா பாத்தே பேட்டா"ன்னு கேட்டாரு. நீ எழுந்து நின்னு, கைய சிம்னி மாதிரி தூக்கி, குனிஞ்சி, அவரு தாடிய மோந்து காட்டின. அவரு வவுறு குலுங்க சிரிச்சாரு. அப்பால என்னப் பாத்தாரு. "பயந்தது யாரும்மா?" "இவன்தான் பாய்." உனக்கு ஒரு கயிறு கட்டினாரு. இன்னொரு கயித்த மந்திரிச்சி என் கையில குடுத்து, "இத நீ கட்டிக்கோ, யாருக்கும் தெரிய வேணாம்"னாரு. ஜாக்கெட் கைக்கு உள்ள கட்டிகினேன். பொய் சொன்னா ஊர ஏமாத்தலாம், ஓதறவன ஏமாத்த முடியாது.

அப்பால வூடு. அந்த எண்ணூர் வூட்டு சமையக்கட்டு ஜன்னல்ல அந்த சிம்னிங்கதான் தெரியும்னு உனக்கு ஞாபகம் இருக்குமோ இன்னாவோ. கொழம்பு கொதிக்கறப்ப தலையத் தூக்கினா அதுங்க நிக்கிதுங்க. உங்கப்பா வேற அதுக்குக் கீழதான் நிக்கறாரு. சாயந்தரம் அவரு வர்ற வரிக்கும் நான் பொகையவே பாத்துகினு இருப்பேன், அதுல எதுனா மூஞ்சி தெரியுதான்னு. சிரிக்காத. ஒரு மாசம் பாத்தேன், முடியல. "புள்ள ஜன்னலப் பாத்து நடுங்கறான், வூட்ட மாத்து"ன்னேன். நீ அந்த ஜன்னல்ல ஏறி நின்னு சிம்னிக்கு டாட்டா காட்டிகினு இருந்த. உங்கப்பா உன்னயும் பாத்தாரு, என்னயும் பாத்தாரு, கொருக்குப்பேட்டையில வூடு பாத்தாரு. சைக்கிள்ல வேலைக்குப் போய்கினு இருந்த மனுசன், அன்னிலேந்து கும்மிடிப்பூண்டி ட்ரெய்ன்ல தொங்கிகினு போறாரு. இங்க ஜன்னலத் தொறந்தா கூட்ஸ் வண்டிதான். நான் திருவொற்றியூர் யார்டு வேலைய வுடாம புடிச்சிகினு கீறதுக்கும் அதான் காரணம். கன்டெய்னர நாலு அடுக்கு அடுக்கி வச்சிருக்கானுங்க, ஒரு சிம்னி தெரியாது.

வயலின் கதையும் கேளு. தெருவுல சாவு வுழுந்தா மோளத்துக்குப் பக்கத்துலயே நிப்பேன், ரெண்டு ஸ்டெப்பு கூட போடுவேன். நம்ம மோளம் யோக்கியமானது. செத்தவன் செத்துட்டான், வந்து அழுவுன்னு பளிச்சினு சொல்லிடும். அந்த மியூசிக்கு அப்டி இல்ல. ஒன்னியும் இல்லம்மா, ஒன்னியும் இல்லம்மான்னு தட்டிக் குடுத்துகினே பின்னாலேந்து ஒருத்தன கூட்டியாரும். ஃபிலோமினா அக்கா பொண்ணு கல்யாணத்துல சர்ச்சில வயலின் ஆரம்பிச்ச ஒடனே நான் எழுந்து போனேனே, பிரியாணிக்கு எடம் புடிக்கப் போனதா நெனச்சிட்டு நீங்க அல்லாம் கிண்டல் பண்ணீங்களே. பந்தியே போடல அப்ப. வெளிய வண்டி நிறுத்தற எடத்துல குந்திகினு இருந்தேன்.

இதெல்லாம் சிரிக்கற கத. சிரிக்க முடியாத கத ஒன்னு கீது, அதுக்காகத்தான் இவ்ளோ பேப்பர். எண்ணூர் சொந்தக்காரங்க வந்து சொல்லி, கொருக்குப்பேட்ட பசங்களும் உன்ன "சிம்னி, சிம்னி"ன்னு கூப்ட ஆரம்பிச்சானுங்க. நான் தடுக்கல. திருவிழால ராட்டினம் ஏறணும்னு கேப்ப, "வேணாம், நீ பயப்படுவ." காசிமேட்டுல பசங்களோட கடல்ல எறங்கட்டான்னு கேப்ப, "வேணாம், நீ பயந்தவன்." எட்டாவது படிக்கறப்ப ஸ்கூல்ல கேம்ப் இட்டுகினு போறாங்கன்னு உங்க சாரே வூட்டுக்கு வந்தாரு. "பையன் நல்ல சுறுசுறுப்பும்மா, அனுப்புங்க"ன்னாரு. நான், "அவன் பயந்தவன் சார், தனியா இருக்க மாட்டான்"னேன். சாரு போனதுக்கப்பறம் திரும்பினா நீ கதவுக்குப் பின்னால நிக்கற. சட்ட எல்லாம் மடிச்சி பையில வச்சி, பைய கையில புடிச்சிகினு. நீ அழல. பைய கொண்டு போயி பிரிச்சி, சட்டைய திருப்பி அடுக்கின. அதுக்கப்பறம் நீ எதயுமே என்னாண்ட கேட்டதில்ல. நான் யார்டு கேட்ல டூட்டி பாக்கறவ நைனா. சீலு ஒடஞ்ச கன்டெய்னர ஒரு பார்வையில கண்டுபுடிப்பேன். என் புள்ளைய நானே ஒடச்சத அன்னிக்கு கண்ணால பாத்துட்டு, அடுப்புல பால் பொங்குதுன்னு உள்ள போயிட்டேன். அதுக்கு என்ன மன்னிச்சிடு.

சரி, யாருக்குமே தெரியாத ரகசியத்த இப்ப சொல்லப் போறோமேன்னு, நேத்து காலைல ஃபிலோமினா அக்காவுக்கு ஃபோன் போட்டு மொதல்ல அவங்களாண்ட சொன்னேன். மூச்சப் புடிச்சிகினு, "யக்கா, அன்னிக்கு பயந்தது புள்ள இல்ல, நானு"ன்னேன். அந்தப் பக்கம் டிவி சத்தத்த கொறச்சாங்க. அப்பால, "ஏன்டி, இதுக்கா ஃபோன் பண்ண? அது எண்ணூருக்கே தெரியும். என் சுண்டு வெரல மிதிச்சிட்டு ஓடினியே, இன்னிக்கு வரிக்கும் மழக் காலத்துல வலிக்குது"ன்னாங்க. "தெரிஞ்சிகினே ஏன்க்கா சொல்லல?" "உன்னாண்ட யார்டி வந்து சொல்றது"ன்னு வச்சிட்டாங்க.

அப்ப யாருக்குத்தான் தெரியாதுன்னு யோசிச்சிகினே யார்டுக்குப் போனேன். மத்தியானம் சோத்த பிரிக்கறப்ப உன் படம் ஞாபகம் வந்துச்சி. இங்க இன்னொரு தப்ப ஒத்துக்கறேன். நீ அந்தப் படத்த மொத மொதல்ல எனக்குக் காட்டினப்ப நான் பாக்கல. வயலின் ஆரம்பிச்ச ஒடனே மூக்கு சிந்தற மாதிரி முந்தானையால மூஞ்ச மூடிகினேன். முடிஞ்சப்பறம், "சூப்பரு நைனா, கலரு நல்லா கீது"ன்னேன். படம் கறுப்பு வெள்ளன்னு நேத்துதான் தெரிஞ்சுது.

தனியா பாக்க தைரியம் இல்ல. அத்தொட்டு செல்வராசு அண்ணன கூப்ட்டேன். தூத்துக்குடி டிரைவரு, ஆறடி ஒசரம், ரெண்டு கை மீச. "மேடம் கூப்புட்டுச்சேன்னு ஓடியாந்தேன், பொம்மப் படமா"ன்னு சிரிச்சிகினே சோத்துப் பொட்டலத்தோட வந்து குந்தினாரு. வயலின் ஆரம்பிச்சுது. சிம்னி குனிஞ்சுது. உன் சிம்னி அந்த சிம்னிய வுட மோசம் நைனா. அதுக்கு நீ மூக்குல முடி எல்லாம் வச்சிருக்க. நான் கத்தின கத்துல செல்வராசு அண்ணன் முட்டையத் தூக்கிப் போட்டுட்டாரு. "ஏ யம்மா, இத எவன் எடுத்தான்?" "என் புள்ளண்ணே." "நல்லாருப்பான். ஆனா இனிமே எண்ணூர் லோடு எனக்கு வேண்டாம் மேடம், வேற ஆளப் போடுங்க."

ஆனா இந்த வாட்டி நான் ஓடல. பாத்தேன். படத்துல அந்தக் கதவு தொறந்து கெடக்குது. ஒரு பொம்பள வெளிய ஓடறா, முந்தான மட்டும் தெரியுது. வாசல்ல ஒத்த செருப்பு. உள்ள ஒரு சின்னப் பையன், பாயில குந்திகினு, ஜன்னல் வழியா தலைய நீட்டற சிம்னிக்கு கேசரி ஊட்டறான். அப்பால அவன் சிம்னியோட கழுத்துல ஏறிகினு தெருத் தெருவா அந்தப் பொம்பளையத் தேடறான். அவ தண்ணி டேங்குக்குப் பின்னால ஒளிஞ்சிகினு நடுங்கறா. அவன் எறங்கி, சிம்னிய "நீ போ"ன்னு கையக் காட்டி அனுப்பிட்டு, அவ பக்கத்துல குந்தி, தன் சின்னக் கையால அவ கண்ண மூடறான். அப்டியே குந்திகினு கீறான். ஊரு விடியுது, மத்த பசங்க அல்லாம் ஸ்கூலுக்குப் போறானுங்க, கப்பல் போவுது, ட்ரெய்னு போவுது. அவன் எழுந்துக்கல. படம் முடிஞ்சி போச்சி.

செல்வராசு அண்ணன், "பய எந்திரிச்சிப் போயிருக்கலாம்லா மேடம்"னாரு. தோள்ல கெடந்த துண்டால கண்ணத் தொடச்சிகினு சொன்னாரு. அப்பதான் எனக்கு ஒறச்சுது. உனக்கும் தெரியும். அஞ்சி வயசுலேந்து தெரியும். ஓடினது நானுன்னு, பொத்தினது நானுன்னு, பயம் என்னுதுன்னு. அப்ப ஞாயித்துக்கெழம ரசம் ஊத்திகினே, நான் பயந்தாங்கொள்ளிம்மா, தனியா இருக்க மாட்டேன்னியே, அது உன்னப் பத்தி இல்ல. நீ போயிட்டா நான் பயப்படுவேன்னு, அத சொல்லி என்ன அவமானப்படுத்த வேணாம்னு, நான் உன் மேல போட்ட அதே பீலாவ நீ எனக்காக எடுத்துப் போட்டுகின. அட கிறுக்குப் பயலே. இவ்ளோ பாசத்த வச்சிகினு ஈரத்துண்ட மட்டும் ஏன்டா கட்டில்ல போடற?

கேளு இப்ப. அந்த ஊரு குளுரு ஊருன்னு உங்கப்பா செல்லுல பாத்து சொன்னாரு. கோட்டு வாங்கிக்கோ. ஆனா வாங்கினத ஆணில மாட்டாத, மடிச்சி பொட்டியில வை. எனக்கு வீடியோல பேசறப்ப பின்னால அது தொங்கக் கூடாது. கூட இருக்கறவன் பாத்திரம் கழுவலன்னா மூணு நாள் பொறு, நாலாம் நாளு என்னாண்ட ஃபோனக் குடு. கடல்ல எறங்கு. ராட்டினம் ஏறு. எந்தப் பொண்ணையாவது புடிச்சிப் போனா, எந்த ஊருப் பொண்ணா இருந்தாலும் சரி, எதுக்கு பயப்படறேன்னு அவளாண்ட மொத நாளே சொல்லிடு. உங்கப்பா மாதிரி தெரிஞ்சிகினே வழிவுட்டு நிக்கிற ஆளு அல்லாருக்கும் கெடைக்காது.

படத்துல அவன் குந்திகினு இருந்தது அழகா கீது நைனா, நான் இல்லங்கல. ஆனா அது நாலு நிமிசம். நீ எனக்காக குந்திகினு இருந்தது இருவத்திரெண்டு வருசம். போதும், எழுந்துக்கோ. நீ போனா எனக்கு பயமாத்தான் இருக்கும். இப்பவே பயமாத்தான் கீது. சோத்துக்கு அரிசி போடறப்ப ரெண்டு ஆளுக்கு எவ்ளோன்னு யோசிச்சி, அளந்தத திருப்பி மூட்டையிலயே கொட்டிடறேன். அது என் பயம், அத நானே வச்சிக்கறேன், இனிமே எவன் கையிலயும் குடுக்க மாட்டேன். திங்கக்கெழம காலைல வரேன்னு எழுதிப் போடு. அங்க எவனாவது, அம்மாவ வுட்டுட்டு ஏன் வந்தன்னு கேட்டா, "எங்கம்மா பயந்தது, இருந்தாலும் அதுதான் போவச் சொல்லிச்சி"ன்னு சொல்லு.

உன் அம்மா